கேள்வி கேட்கும் பிள்ளையும் வாயை அடைக்கும் பெற்றோரும்

நமது மக்களுக்குப் பிள்ளை பெறுவதில் அவசரம் உண்டு. பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்கும், மொட்டை அடிப்பதற்கும், காது குத்துவதற்கும் நாள் பார்ப்பதில் கவலை உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அதற்கு என்ன பதில் சொல்லுவது என்பதில் மாத்திரம் அவசரமும் இல்லை, கவலையும் இல்லை.

சென்ற மாதம் முத்தியால்பேட்டையில் நமக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருக்கு மூன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. நம்மைக் கண்டதும் தகப்பனார் குழந்தையைக் கூப்பிட்டு நிறுத்தி, “மாமாவுக்குச் சொல்லிக் காட்டு” என்றார். குழந்தை கையைக் கட்டிக்கொண்டு இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறையும், எழுத்துக்கு ஒரு பொருளாக, மூச்சு விடாமல் ஒப்புவித்தது. அதில் ஒரு எழுத்துக்கு ‘சைலோஃபோன்’ என்று வந்தது. அந்த வாத்தியத்தைக் குழந்தை பார்த்ததில்லை, அப்பன் பார்த்ததில்லை, சொல்லிக் கொடுத்த டீச்சரம்மாள் பார்த்திருப்பார்களா என்பதும் சந்தேகமே. நாம் குழந்தையை வாசலுக்கு அழைத்து வந்து, எதிரே நின்ற மரத்தைக் காட்டி, “இது என்ன மரம்மா?” என்று கேட்டோம். “மரம்” என்றது. அது வேப்ப மரம். அக்குழந்தை பிறந்த நாள் முதல் அந்த நிழலில்தான் விளையாடுகிறது.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் இராது. உள்ளே வந்து உட்கார்ந்ததும் குழந்தை தானாகவே ஒரு கேள்வி கேட்டது. “ராத்திரி அம்மா பாதிப் பாத்திரந்தான் மாவு வெச்சாங்க. காலையில நிறைய ஆயிடுச்சு. யாரு ஊத்தினாங்க?” தாயார் சிரித்துக்கொண்டே, “சாமி ஊத்திச்சு” என்றார். தகப்பனார், “தொணதொணன்னு பேசாம போய் எழுது” என்றார். குழந்தை போய்விட்டது.

தோழர்களே! அந்தக் கேள்வி எப்பேர்ப்பட்ட கேள்வி என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பால் ஏன் புளிக்கிறது என்ற கேள்வியை வைத்துக்கொண்டுதான் பிரான்சு தேசத்தில் லூயி பாஸ்தேர் என்பவர் மாதக்கணக்கில் பாடுபட்டு, அதற்குக் காரணம் உயிருள்ள நுண்கிருமிகளே என்று 1857-ஆம் வருஷம் எழுதினார். இதே ஜாதிக் கேள்வியை முத்தியால்பேட்டையில் மூன்றரை வயதுக் குழந்தை, ஒருவரும் சொல்லிக் கொடுக்காமல், ஒரு காசு செலவில்லாமல், இட்லிப் பாத்திரத்தைப் பார்த்த மாத்திரத்தில் கேட்டுவிட்டது. அதற்கு நாம் கொடுத்த பரிசு ‘சாமி ஊத்திச்சு’ என்ற ஒரு பொய்யும் ‘போய் எழுது’ என்ற ஒரு அதட்டலும் ஆகும். பிறகு இதே குழந்தையைப் பதினைந்து வயதில் சயன்சு டியூஷனுக்குப் பணம் கட்டி அனுப்பி, “இவளுக்கு சயன்சே ஏறவில்லை” என்று துக்கப்படப் போகிறோம்.

நாம் அப்போதே நண்பரிடம் சொன்னோம்: “ஐயா, மாவில் கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்கள் இருக்கின்றன, அவை மாவைத் தின்று காற்று விடுகின்றன, அந்தக் காற்றுதான் மாவை ஊதுகிறது என்று சொல்லுங்கள். நம்பச் சொல்லாதீர்கள். இன்று ராத்திரி ஒரே மாவை இரண்டு டம்ளரில் பாதிப் பாதி ஊற்றி, ஒன்றை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒன்றை அடுப்பங்கரையில் வையுங்கள். காலையில் குழந்தையே பார்க்கட்டும்.” நான்கு நாள் கழித்து மார்க்கெட்டில் அவரைச் சந்தித்தபோது, ஃபிரிட்ஜில் வைத்தது அப்படியே கிடந்ததென்றும், “உள்ள இருக்கிறதுங்களுக்குக் குளிருமா?” என்று குழந்தை கேட்டு இரண்டு நாளாய்த் தம்மை விடவில்லை என்றும் சொன்னார். குளிர்தான் காரணம் என்பது குழந்தைக்கே பட்டுவிட்டது.

நிற்க, இப்போது நமது ஊரில் இரண்டரை வயதுக் குழந்தையைப் பிடித்து ‘பிரீ கேஜி’ என்பதில் அடைப்பது ஒரு கௌரவமாகிவிட்டது. அதற்காக நகை அடகு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். போர்டில் ‘மான்டிசோரி’ என்று எழுதியிருந்தால் கட்டணம் இன்னும் ஒரு படி மேலே. அந்த மான்டிசோரி அம்மையார் யார் என்று அந்தப் பணத்தைக் கட்டுகிறவர்களுக்குத் தெரிந்தால் நல்லது. அவர் இத்தாலி தேசத்து டாக்டர். 1907-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் ரோம் நகரத்தில் சான் லொரென்சோ என்ற ஏழைக் கூலி ஜனங்களின் பேட்டையில், தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் தெருவில் கிடந்த குழந்தைகளுக்காகத்தான் அவர் முதல் வீட்டைத் திறந்தார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். யுத்தத்தில் இத்தாலி எதிர்ப் பக்கம் சேர்ந்துவிட்டபடியால் இந்நாட்டை விட்டுப் போக முடியாமல், கொடைக்கானலிலும் சில வருஷம் இருந்து, 1946-இல்தான் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். அவர் குழந்தைகளுக்கு எழுத்துக்கு முன்னால் வைத்த பாடம் என்ன தெரியுமா? ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றுவது, பெருக்குவது, பொத்தான் போடுவது, காய் நறுக்குவது, பாத்திரம் துலக்குவது. ஏழைக் குழந்தைக்காக, வீட்டு வேலையைக் கொண்டே ஏற்பட்ட முறை அது. நாமோ வீட்டில் குழந்தை துடைப்பத்தைத் தொட்டால் “சீ, போடு” என்று பிடுங்கிக்கொண்டு, அதே குழந்தை சின்னத் துடைப்பத்தால் பெருக்கக் கற்றுக்கொள்வதற்கு வேறொருவருக்குப் பணம் கட்டுகிறோம். இதைவிட வேடிக்கை வேறு உண்டா?

சமையற்கட்டில் இல்லாத கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது? பழைய ஆழாக்கும் படியும் பரணில் கிடந்தால் எடுத்துக் கழுவிக் குழந்தை கையில் கொடுங்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. அரிசியைக் கொட்டிக் கொட்டி அளந்து பார்த்த குழந்தைக்கு அரை, கால், அரைக்கால் என்பன பின்னால் பயமாக வராது. படி இல்லாவிட்டால் டம்ளரும் கிண்ணமும் போதும். துவரையையும் உளுந்தையும் கலந்து பிரிக்கச் சொன்னால் விரலுக்கு வேலை. பிறகு பென்சில் பிடிக்க அந்த விரல்தான் வேண்டும். பல்லாங்குழியில் பதினாலு குழிக்கும் ஐந்தைந்தாகப் போட்டால் எழுபது என்பதை ஒருவரும் சொல்லாமலே கண்டுபிடித்த பிள்ளையை நாம் பார்த்திருக்கிறோம். கோலப் புள்ளியும் அப்படியே. ஆனால் கோலம் பெண்ணுக்கு, பம்பரம் ஆணுக்கு என்று பிரித்து வைத்திருக்கிற புத்திசாலித்தனத்தைப் பற்றிப் பிறகு சொல்லுகிறோம்.

வீட்டை விட்டு வெளியே வந்தால், புதுச்சேரியைப் போல் குழந்தைக்குப் பாடம் சொல்ல வசதியான ஊர் அதிகம் இல்லை என்றே சொல்லலாம். பட்டணத்துத் தெருக்கள் பெரும்பாலும் நூல் பிடித்தாற்போல் நேராகப் போகின்றன. கிழக்கே போகும் தெரு எதுவானாலும் கடலில் போய் முடியும். ஆதலால் மூன்று வயதுக் குழந்தைக்கும் திசை சொல்லிக் கொடுக்கலாம்: கடல் இருக்கும் பக்கம் கிழக்கு, பெரிய வாய்க்காலைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் மேற்கு. “இப்போது கடல் எந்தக் கைப் பக்கம்?” என்று தெருமுனைக்குத் தெருமுனை கேட்டுக்கொண்டே போனால், ஒரு மாதத்தில் குழந்தை உங்களுக்கு வழி சொல்லும். தெருப் பலகைகளில் தமிழும் பிரெஞ்சும் இரண்டும் இருக்கின்றன. ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதலாம் என்ற சங்கதியே குழந்தைக்கு ஒரு பெரிய அதிசயம்.

நமது ஊரில் வருஷத்துக்கு இரண்டு நாள் நடக்கும் மற்றொரு அதிசயத்தை எத்தனை பெற்றோர் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்கிறோம். சூரியன் தினந்தோறும் நம் தலைக்கு நேர் மேலே வருவதாகப் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தப்பு. புதுச்சேரிக்கு அப்படி வருவது ஏப்ரல் மாதம் மூன்றாம் வாரத்தின் முடிவை ஒட்டி ஒரு முறையும், ஆகஸ்டு மாதம் மூன்றாம் வாரத்தின் முடிவை ஒட்டி ஒரு முறையுந்தான். அந்த நாளில் பகல் 12 மணிக்குப் பத்து நிமிஷம் போல் கழித்து, மொட்டை மாடியில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் அதற்கு வெளியே நிழல் விழாது. குழந்தையை நிற்க வைத்தால் அதன் நிழல் அதன் காலடியில் ஒளிந்துகொள்ளும். இதை நிழலில்லா நாள் என்கிறார்கள். புதுவை அறிவியல் இயக்கத் தோழர்கள் இதைப் பிள்ளைகளுக்குக் காட்டி வருகிறார்கள். ஆனால் நமது வீடுகளில் உச்சி வேளைக்கு உள்ள பாடம் என்ன? “உச்சிப் பொழுதில் வெளியே போனால் முனி அடிக்கும்.” வெயில் கொடுமைக்குப் பயந்து சொன்னால் வெயில் என்றே சொல்லலாமே! வெயில் என்று சொன்னால் குழந்தை தலையில் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வரும். முனி என்று சொன்னால் அறுபது வயதானாலும் பார்க்காது. நிழல் பார்க்கும்போது சூரியனை நேரே பார்க்கக்கூடாது, கண் கெடும் என்பதையும் அப்படியே உள்ளபடி சொல்லிவிட வேண்டும். குழந்தைக்குக் காரணம் சொன்னால் விளங்காது என்பது சோம்பேறிகள் கட்டிவிட்ட கதை.

கடற்கரைச் சாலைக்குச் சாயந்திரம் போகாத புதுச்சேரிக்காரர் இல்லை. வண்டிகளை நிறுத்திவிடுகிறபடியால் குழந்தைகளை அங்கே தாராளமாக ஓடவிடலாம். அங்கே கொட்டிக் கிடக்கும் கருங்கல்லைப் பார்த்து, “கடல்னா மணல் இருக்குமே, இங்க ஏன் கல்லு?” என்று குழந்தை கேட்கும். கேட்டால் சிலர் கடலம்மாளுக்குக் கோபம் என்பார்கள். வீட்டில் பாட்டி இருந்தால், தாம் சின்னப் பெண்ணாயிருந்த காலத்தில் அங்கே மணல் இருந்ததைச் சொல்லுவார். மணல் எங்கே போயிற்று? நமது கீழைக் கரையில் வருஷத்தில் பெரும் பாகம் அலையானது மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கிறது. 1980-களின் பின்பாதியில் ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். தெற்கே வந்த மணல் சுவரில் தேங்கிவிட்டது. வடக்கே இருந்த மணலை அலை வழக்கம்போல் கொண்டுபோய்விட்டது. ஈடு செய்யப் புது மணல் வரவில்லை. ஊர் இடிந்து விழாமலிருக்கக் கல்லைக் கொட்டினார்கள். பிறகு 2018-ஐ ஒட்டிக் கடலுக்குள் எஃகுத் திட்டு ஒன்றை இறக்கி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் சேரும்படி செய்தார்கள். இவ்வளவும் குழந்தைக்கு எப்படிச் சொல்லுவது என்று மலைக்க வேண்டாம். மழை விட்டதும் தெருவோரம் மண்ணோடு ஓடும் நீரில் ஒரு செங்கல்லைக் குறுக்கே நீட்டி வைக்கச் சொல்லுங்கள். கல்லுக்கு முன்னால் மண் சேரும். பின்னால் அரித்துப் பள்ளம் விழும். கால் நாழிகையில் குழந்தை தானே பார்த்துக்கொள்ளும். சட்டையில் சேறு படும். படட்டும்.

கல் என்றதும் திருவக்கரை நினைவுக்கு வருகிறது. அது புதுச்சேரிக்கு வடமேற்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள், ஒரு பகலில் போய் வரக்கூடிய ஊர். அங்கே மரமே கல்லாகிக் கிடக்கிறது. அறிஞர்கள் அதற்கு ஏறக்குறைய 2 கோடி வருஷம் வயது சொல்லுகிறார்கள். சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781-ஆம் வருஷத்திலேயே அதைப்பற்றி எழுதியிருக்கிறார். ஆற்று வெள்ளத்தில் வந்து மண்ணுக்குள் புதைந்த மரத்தில், மரச்சத்து போகப் போக அந்த இடத்தில் மண்ணின் தாதுச்சத்து புகுந்து கல்லாக உறைந்துவிட்டது. மரத்தின் வளையமும் கணுவும் மாத்திரம் அப்படியே நிற்கின்றன. ஆனால் அதைக் காட்டி ‘இது அசுரனுடைய எலும்பு’ என்று சொல்லுகிறவர்களும் உண்டு. கதையாகச் சொன்னால் நமக்கு ஆட்சேபணை இல்லை. குழந்தைக்குக் கதை வேண்டியதுதான். கதையைச் சொல்லிவிட்டு, “சரி, எலும்புக்கு வளையம் உண்டா? வீட்டு விறகைப் பார், இந்தக் கல்லையும் பார்” என்று ஒரு வார்த்தை கூடச் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறோம். எலும்பா மரமா என்று குழந்தையே தீர்ப்புச் சொல்லிவிடும்.

விஜயதசமியன்று தட்டில் அரிசியைப் பரப்பி, அழுகிற குழந்தையின் விரலைப் பிடித்துத் தேய்த்தால்தான் கல்வி வரும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முந்தின நாள் புஸ்தகத்தை எல்லாம் அடுக்கிப் பொட்டு வைத்து, அன்றைக்கு ஒருவரும் படிக்கக்கூடாது என்பதும் அவர்களே. இதைப்பற்றி எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டபடியால் இங்கே விரிக்கவில்லை. அந்த அரிசியைச் சோறாக்குவதற்கு முன் குழந்தையை அளக்கவாவது விடுங்கள்.

இவ்வளவும் படித்த நமது தோழர்கள் சிலருக்கு ஒரு சந்தேகம் வரும், வரத்தான் வேண்டும். “வீட்டு வேலையிலும் தெருவிலும் கல்வி என்கிறீர்களே, இது குலக்கல்வி அல்லவா?” என்று கேட்பார்கள். 1953-இல் ராஜகோபாலாச்சாரியார் சென்னை ராஜ்யத்தில், கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் அவரவர் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அதை எதிர்த்துப் பெரும் கிளர்ச்சி நடந்து, 1954-இல் காமராஜர் வந்ததும் அது ஒழிந்தது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தபடியால் அந்தக் கத்தி நம் ஊர்ப் பிள்ளைகள் கழுத்துக்கு வரவில்லை. நாம் சொல்லுவது அதற்கு நேர் விரோதமானது. குலக்கல்வி பிள்ளையின் பள்ளிக்கூட நேரத்தைப் பிடுங்கிற்று. நாம் பேசுவது பள்ளிக்கூட வயது வராத குழந்தையைப் பற்றி. அது குயவன் பிள்ளையைச் சக்கரத்தோடு கட்டிப் போட்டது. நாமோ வக்கீல் பிள்ளை வில்லியனூருக்குப் போய்ச் சுடுமண் பொம்மைக்குக் களிமண் மிதித்துப் பார்க்கட்டும், அந்தக் குயவர் வீட்டுப் பிள்ளை லாசுப்பேட்டை கோளரங்கத்தில் உட்கார்ந்து நட்சத்திரம் பார்க்கட்டும், வீராம்பட்டினத்து மீனவர் பிள்ளைக்கு மீனோடு கூடப் புஸ்தகத்தின் பெயரும் தெரியட்டும் என்கிறோம். எந்த வேலையும் எந்தச் சாதிக்கும் சொந்தமல்ல, எந்த வேலையும் இழிவல்ல என்று குழந்தைக்கு மூன்று வயதிலேயே கையால் தெரிந்துவிட்டால், பிறகு மனுநீதியை யார் வந்து சொன்னாலும் ஏறாது. ஆறு வயதானதும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். வீட்டில் கற்றுக்கொள்ளட்டும் என்று பள்ளிக்கூடத்தை நிறுத்துகிறவன் குழந்தைக்குத் துரோகி.

மற்றொரு சந்தேகம் நியாயமானது. காலையில் ஏழு மணிக்குக் கூலி வேலைக்குப் போய் இருட்டிய பின் வீடு வருகிற தாய்க்கு இதற்கெல்லாம் நேரம் ஏது? நேரம் இல்லைதான். சர்க்காரும் இந்த விஷயத்தில் கையைக் கழுவிக்கொண்டிருக்கிறது. 2002-இல் அரசியல் சட்டத்தைத் திருத்திக் கல்வியை உரிமையாக்கியபோது 6 முதல் 14 வயது வரைக்குந்தான் உரிமை என்றார்கள். ஆறு வயதுக்கு உட்பட்டதை, சர்க்கார் முயல வேண்டிய காரியம் என்று மாத்திரம் எழுதி வைத்தார்கள். ஏழைக்கு மிஞ்சியது 1975-இல் ஆரம்பித்த அங்கன்வாடி ஒன்றுதான். அங்கே முட்டையும் சோறும் போடுகிறார்கள், நல்ல காரியம். அத்துடன் அந்த அம்மாளுக்குத் தக்க சம்பளமும், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு தெருவையும் குளத்தையும் காட்டி வர ஒரு துணை ஆளும் கொடுத்தால், எந்தக் கட்டணப் பள்ளிக்கூடத்துக்கும் அது இளைத்ததாக இராது. நமது ஊர்க்காரர்கள் இதைச் சர்க்காரிடம் சத்தம் போட்டுக் கேட்க வேண்டும். கேட்பதற்கு மாறாக, அங்கன்வாடிக்கு அனுப்புவது கேவலம் என்று கடன் வாங்குகிறார்கள்.

கடைசியாக ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. குழந்தைக்கு வீட்டில் சொல்லிக் கொடுப்பது என்றவுடனே, நமது தகப்பன்மார்கள் அதையும் பெண்சாதி தலையில் வைத்துவிட்டு டெலிபோனைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஏற்கெனவே அரைத்து, சமைத்து, துவைத்து, சிலர் சம்பாதித்தும் போடுகிற பெண்களுக்கு இது இன்னொரு சுமையாகுமானால் இந்தக் கட்டுரையைக் கிழித்து எறிந்துவிடுங்கள். பையன் அம்மாவிடம் பம்பரம் கேட்டும், பெண் அப்பாவிடம் தோசை வார்க்கப் பழகியும் வளருகிற வீட்டைத்தான் நாம் பார்க்க விரும்புகிறோம். அப்பன் மாவு கரைப்பதைப் பார்க்காத பையனுக்கு, அடுப்பங்கரை பெண்களுக்கே ஏற்பட்டது என்பது யாரும் சொல்லாமலே பாடமாகிவிடும். பெண் குழந்தையை மரம் ஏறாதே, ஓடாதே, சிரிக்காதே என்று நிறுத்தி வைப்பதும் ஒரு பாடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குத் தகப்பன்மார்கள்தான் பெரும்பாலும் போகிறார்கள். அடுத்த ஞாயிறு குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகட்டும். ஆணானாலும் பெண்ணானாலும் சரி. நெத்திலி எது, சங்கரா எது, வஞ்சிரம் எது என்று காட்டட்டும். ஒரு கூறில் எத்தனை மீன் என்று எண்ணச் சொல்லட்டும். மீன்காரம்மாளிடம் காசைக் குழந்தையே கொடுத்து மீதியைக் குழந்தையே வாங்கட்டும். அந்த அம்மாளை ‘அம்மா’ என்று மரியாதையாகக் கூப்பிடச் சொல்லட்டும். திரும்பும் வழியில் மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தையில், படம் போட்ட பழைய புஸ்தகம் ஏதாவது கிடைத்தால் ஒன்று வாங்கட்டும். வீட்டுக்கு வந்து மீனைக் கழுவும்போது செவுளைத் தூக்கி, “இது எதுக்குப்பா?” என்று குழந்தை கேட்கும். தெரிந்தால் சொல்லலாம்; தெரியாவிட்டால், “எனக்கும் தெரியாதும்மா, வா பார்ப்போம்” என்று சொல்லலாம்.